பால் வெட்டாத மரங்களை எண்ணாமல் விட்ட கதை

புதிதாகப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வுபெற்றவர்கள் பேச வந்தால் பின்வரிசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர்களில் நானும் ஒருத்தி.

என் பெயர் ஸ்டெல்லா. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால் வெட்டினார், அம்மாவும் பால் வெட்டினார். நான் ஈப்போவுக்கு வந்து, நிலத்தில் என்ன விளைகிறது என்று கணக்கெடுக்கும் அலுவலகத்தில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் சுற்றும் களப் பணியாளராகத் தொடங்கி, மேசைக்கு வந்து, அட்டவணை போடுகிறவளாக முடித்தேன். இடையில் நான் நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு. அவை கோப்புகளில் இருக்கின்றன, வேண்டுமானால் தூசி தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் பெரிய தப்பு எந்தக் கோப்பிலும் முழுதாக இல்லை. அதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது எங்களிடம் ஒரு வேலை வந்தது. நிரந்தரப் பயிர் நிலம், அதாவது ரப்பர், செம்பனை, தென்னை, பழமரம் போல ஒருமுறை நட்டால் பல வருடம் நிலத்தில் நிற்கிற பயிர்களின் பரப்பு, நம் நாட்டிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்திலும் முப்பது வருடங்களில் எப்படி மாறியது என்று ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். கீழே, பேராக் மாநிலத்தையும் தாய்லாந்தின் தெற்கு மாநிலங்களையும் தனியாக ஒப்பிட வேண்டும். வியாழக்கிழமை காலை மாவட்டக் குழுவின் கூட்டத்தில் அந்த ஒரு பக்கப் படத்தைச் சுவரில் காட்டுவார்கள்.

கூட்டம் எதற்கென்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தின் கணக்கை வைத்து, கைவிடப்பட்ட விவசாய நிலங்கள் என்று ஒரு பட்டியல் தயாராகியிருந்தது; அதற்கு ஒப்புதல் தரத்தான் கூட்டம். பட்டியலில் இருக்கும் நிலத்துக்கு மறுநடவு உதவி நிற்கும். விவசாய நிலம் என்ற வகையிலிருந்தும் அது எடுக்கப்படும். அதன் பிறகு அங்கே வீடமைப்பு வருமா, தொழிற்சாலை வருமா என்பது வேறு மேசையின் வேலை. சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கிய பதினெட்டுக் குடும்பங்களின் நிலம் அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லாம் நான் பிறந்த தோட்டத்து ஆட்கள்.

திங்கட்கிழமை படத்தைப் போட்டு முடித்தேன். இரண்டு நாடுகளின் கோடுகளும் மொத்தத்தில் மேலே போயின. கீழே உள்ள படத்தில்தான் விஷயம். தாய்லாந்துத் தெற்கின் கோடு நிமிர்ந்து ஏறியது. பேராக் கோடு பாதி வழிவரை சேர்ந்தே போய், பிறகு பள்ளத்தில் விழுந்தது. எங்கள் தலைவர் ஜமால் சார் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத பாத்தாலே போதும்லா ஸ்டெல்லா. அவங்க ஏறிக்கிட்டே போறாங்க. நம்ம ஆளுங்க கெபுன போட்டுட்டு டவுனுக்கு வந்துட்டாங்க. இதுக்கு மேல பேச்சே வேணாம்."

கெபுன் என்று நாங்கள் சொல்வது சொந்தமாக வைத்திருக்கும் சிறு தோட்டத்தை. ஜமால் சார் கெட்டவர் இல்லை. மூன்று தலைமுறையாக ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பம். வாடிக்கையாளர் கேட்பதை நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. படம் கேட்டார்கள், படம் தயார்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். அந்தப் பள்ளத்தின் மீது இல்லை, அவர்களுடைய ஏற்றத்தின் மீது. இப்படி யாராவது ஏறுவார்களா, கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நம் எண் சரி, பக்கத்துக்காரன் எண் தப்பு என்று தோன்றுவது இந்தத் தொழிலின் முதல் வியாதி. செவ்வாய்க்கிழமை, எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களைப் போன்ற அலுவலகத்தில் இருக்கும் ஒரு அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். கூட்டங்களில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எல்லையோரக் கெடா மாநிலத்து ஆட்கள் மாதிரியே மலாய் பேசுவார். குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையை மறைத்துக்கொண்டு, உங்கள் ரப்பர் பரப்பை எந்தக் கட்டத்தில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கன்று மண்ணில் இறங்கிய வருடத்திலேயே சேர்த்துவிடுவோம். நீங்கள் எப்போது சேர்க்கிறீர்கள்?"

"நாங்களும் அப்படித்தான்" என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு கை அதன் மேலேயே இருந்தது. நான் சொன்னது பொய். சொல்லும்போது அது பொய் என்று தெரியாது, வைத்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் களப்பணியில் சேர்ந்தபோது படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று பால் வெட்டும் மரங்களின் பரப்பு. இன்னொன்று வெட்டுக்கு வராத இளம் மரங்களின் பரப்பு. ஒவ்வொரு நிலத்திலும் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நான் நடக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு எதற்கு நடை? எங்கள் ஆட்கள் நிலத்தை ஏக்கரில் பேச மாட்டார்கள், நிரையில் பேசுவார்கள். ஒருவர் ஒரு காலையில் வெட்டி முடிக்கிற மரவரிசைதான் ஒரு நிரை. காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே இன்று எத்தனை நிரை வெட்டு என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிவிடுவார். அதை வைத்து மொத்தப் பரப்பையும் என்னால் மனக்கணக்காகச் சொல்ல முடியும். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, "எத்தன நிரை வெட்டு?" என்று கேட்டு, பெருக்கி, எழுதி, அடுத்த இடம். மற்றவர்கள் ஒரு வாரம் எடுக்கும் வட்டாரத்தை நான் இரண்டு நாளில் முடித்தேன். பாராட்டினார்கள். அந்தக் குறுக்கு வழியைக் கேட்ட எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். மாநிலத்தின் தெற்கே இருக்கும் தெலுக் இந்தான் வரை போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேசைக்கு வந்த பிறகும் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் படிவங்களை மட்டும் ரோட்டோரம் விசாரித்து நானே எழுதினேன்.

வெட்டு நடக்காத ரப்பர் காட்டைப் பற்றி அந்தக் கேள்வியில் இடமே இல்லை. தோட்டத்தில் எங்களுக்குப் பழக்கம் அப்படி. கன்று நட்ட நெம்பர், அதாவது எண் போட்டுப் பிரித்த தோட்டப் பகுதி, குத்தகைக்காரனுடைய பாடு, பால் வெட்டுகிறவர்களுக்கு அது இன்னும் ஆறேழு வருடத்துக்கு இல்லாத காடு. அந்தப் பழக்கத்தோடு நான் படிவத்தின் இரண்டாவது கட்டத்தை வெறுமனே விட்டேன். கணினி வந்ததும் அது வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. மரமெல்லாம் முற்றிய மரமாக இருந்த காலத்தில் இந்தத் தப்பு தெரியவில்லை. பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யத் தொடங்கியதும் ஒவ்வொரு நிலமாக என் கணக்கில் காணாமல் போனது. பேராக் கோட்டில் விழுந்த பள்ளம் அதுதான். அதை வெட்டியதில் பெரும்பங்கு என்னுடையது.

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஈப்போவில் நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். சுங்கை சிப்புட் போக முக்கால் மணி நேரம் ஆகும். வழி முழுக்க, ஒருவேளை நிலம் உண்மையிலேயே காலியாகத்தான் இருக்கும், நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். காலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. எவ்வளவு கேவலமான வேண்டுதல் என்று பாருங்கள்.

முதல் நிலம் அந்தோணி அண்ணனுடையது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளி இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மண்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். இளம் ரப்பர், என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம், நேர் வரிசையில் ஓடை வரைக்கும் நின்றது. அடியில் புல் வெட்டிச் சுத்தமாக இருந்தது. வெட்டுக்கு வர இன்னும் ஓரிரு வருடம் ஆகும். அண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"வா ஸ்டெல்லா. பெஜாபாட்ல உனக்கு ஆளுங்கள தெரியும்ல? இந்த சூராட்ட பாரு. நெலம் காலியா கெடக்காம். கண்ணு தெரியாதவன் எவனோ எழுதியிருக்கான்."

பெஜாபாட் என்று அவர் சொன்னது அரசாங்க அலுவலகத்தை. கடிதத்தை வாங்கிப் படிப்பது போல நின்றேன். அதில் உள்ள எண் எந்தப் படிவத்திலிருந்து வந்தது என்று எனக்கு மனப்பாடம். "விசாரிச்சுப் பாக்குறேன்ண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நம்பி, குடிக்க இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைக் குடித்தேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் எனக்கு இன்றும் கூச்சம் தருவது அதுதான்.

மாலையில் அலுவலகம் போய் ஜமால் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல கூட்டம். இப்ப வந்து சொல்ற."

"இப்பதான் சார் தெரிஞ்சுது."

மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, தொழில் தெரிந்தவர் சொல்கிற யோசனையைச் சொன்னார். "ஒண்ணு செய். இந்தப் பதினெட்டு நெலத்த மட்டும் பட்டியல்லேர்ந்து எடுத்துரு. கடைசி வருஷத்துக்கு எண்ண சரி பண்ணிரு. பழச கிண்டாத. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

ஆசையாக இருந்தது. பதினெட்டுக் குடும்பமும் தப்பிக்கும், என் பெயரும் தப்பிக்கும். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் மேசைக்கும் இதே யோசனை ஒருநாள் வரும், நல்லவர் ஒருவர்தான் கொண்டுவருவார், அவசரமான சாயங்காலத்தில்தான் வரும்.

"கடைசி வருஷத்த மட்டும் ஏத்துனா, பேராக்ல ஒரே வருஷத்துல இவ்வளவு மரம் மொளச்ச மாதிரி இருக்கும் சார். அந்தப் படத்த அடுத்தவங்க எடுத்துட்டுப் போய் வேற ஒரு பொய்ய நிரூபிப்பாங்க. தெலுக் இந்தான்ல, மத்த எடத்துல எத்தன நெலம் இதே மாதிரி விட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியாது. அங்க யாரு போய்ச் சொல்றது?"

"அப்ப என்ன செய்யணும்ங்கற?"

"கீழ உள்ள ஒப்பீட்டயே எடுத்துரலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்ணல, அதனால ஒப்பிட முடியாதுன்னு சொல்லிரலாம். ஏன் முடியாதுன்னு நானே நின்னு சொல்றேன்."

"உன் பேரு கெட்டுப்போவும்லா."

"படிவத்துல என் கையெழுத்துதான் சார் இருக்கு."

அவர் கோபப்பட்டார். இரண்டு வருடத்தில் நீ போய்விடுவாய், பிரிவு எங்கே போகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், "காலைல எட்டரைக்கு வந்துரு, என் வண்டியிலேயே போலாம்" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

கூட்டத்தில் நான் பேசியது பத்து நிமிடம் இருக்காது. படத்தின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் முதலில் இயந்திரக் கோளாறு என்று நினைத்தார்கள். அங்கே நட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள், இங்கே பால் வந்த பிறகு எண்ணினோம், அப்படி எண்ணியது நான், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான் என்றேன். தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இத்தனை வருடம் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஜமால் சார் என்னை முந்திக்கொண்டு எழுந்தார். "பார்த்திருக்க வேண்டியவன் நான்" என்றார். அவரோடு எனக்கு அதற்கு முன்னும் பின்னும் ஆயிரம் சண்டை. அந்த ஒரு வரிக்காக எல்லாவற்றையும் கழித்துக்கொள்வேன்.

பட்டியலை அவர்கள் கிழித்துப் போட்டுவிடவில்லை. ஒரு வாரம் கொடுத்தார்கள். பதினெட்டு நிலத்தையும் மரம் மரமாக எண்ணி, உரிமையாளரின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். வராத நிலம் பட்டியலில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் களப் பணியாளர்கள் இருவர் போனார்கள். மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தோணி அண்ணன் மண்பாதையின் குறுக்கே தன் மோட்டார் சைக்கிளைப் போட்டு, பெஜாபாட் ஆள் எவனும் உள்ளே வரக்கூடாது என்று நின்றுவிட்டாராம். மற்ற பதினேழு பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? காலி என்று எழுதியவர்களே மறுபடி எழுத வந்தால் யார் விடுவார்கள்?

சனிக்கிழமை காலை நான் போனேன். அவர் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தார்.

"விசாரிச்சியா?"

"விசாரிக்க ஒண்ணும் இல்லண்ணே. கண்ணு தெரியாதவன்னு சொன்னீங்களே, அது நான்தான். ரோட்லயே நின்னு நிரை கேட்டு எழுதுனேன். கன்னுக்காட்ட எழுதாம விட்டேன். வருஷா வருஷம்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க லயத்துப் புள்ள. உங்கப்பா கூட பால் வெட்டுனவன் நான். நீயே எங்கள எண்ணாம வுட்டுட்ட."

அழுகை வந்தது. அழுதேன். அழுவதால் ஒரு மரமும் கூடாது என்று தெரிந்ததால் சீக்கிரம் நிறுத்தினேன். "இப்ப எண்ண வந்திருக்கேண்ணே. இந்த வாரத்துக்குள்ள எண்ணலன்னா நெலம் பட்டியல்லயே நின்னுரும். என்ன திட்டணும்னா எண்ணி முடிச்ச பெறகு திட்டுங்க."

"ரோட்லேர்ந்து எண்ணாத" என்றார். "ஒவ்வொரு மரத்தையும் தொட்டு எண்ணு. வாயால சொல்லு. எனக்குக் கேக்கணும்."

ஐம்பத்தெட்டு வயதில், ஈரமான காட்டில், ஒவ்வொரு மரத்திலும் கைவைத்து, உரக்க எண்ணிக்கொண்டு நடந்தேன். அவர் பத்தடி பின்னால் வந்தார். கொசு பிடுங்கியது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன், அவர் கைகொடுக்கவில்லை. நூறு ஆனதும் ஒரு கோடு, அடுத்த நூறுக்கு ஒரு கோடு. முப்பது வருடத்துக்கும் மேல் இந்த வேலையில் இருந்து, ஒரு நிலத்தை முழுதாக நடந்து எண்ணியது அன்றுதான் முதல்முறை. ஓடைக்கரையில் கடைசி வரிசை முடிந்தது. மொத்தத்தைச் சொன்னேன்.

"ரெண்டு கொறையுது" என்றார்.

"தொட்டுத் தொட்டுத்தானே எண்ணுனேன்."

"நட்டது நான். ரெண்டு கொறையுது. வா."

வந்த வழியிலேயே திரும்ப நடந்தோம். ஓடை வளைகிற இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. கையால் புல்லை விலக்கினார். பழைய கன்று செத்துப்போன இடத்தில் புதிதாக வைத்த இரண்டு கன்றுகள், முழங்கால் உயரம்கூட இல்லை. இலை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இதையும் சேத்துக்க."

மண்டியிட்டு ஒவ்வொன்றையும் தொட்டேன். எண்ணைத் திருத்தி எழுதிக் காகிதத்தை நீட்டினேன். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். என் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முன்னால் நடந்து போய், பாதையின் குறுக்கே இருந்த வண்டியை நிமிர்த்தித் திருப்பினார்.

"பின்னால ஏறு. இன்னும் பதினேழு கெபுன் இருக்கு."